மடியாக விழுந்தவன்

வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பற்றி ஏசுநாதர் சொன்ன கதை அநேகமாக எல்லோருக்கும் தெரிந்ததுதான். கள்ளர்கள் ஒருவனை அடித்து, உரித்து, அரை உயிராகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். முதலில் ஒரு ஆசாரியன், யூதக் கோயில் பூசாரி, வருகிறான், பார்க்கிறான், ஒதுங்கிப் போகிறான். அடுத்து ஒரு லேவியன், கோயில் ஊழியன், அவனும் அப்படியே. மூன்றாவதாக ஒரு சமாரியன். யூதர்கள் முகம் கொடுத்துப் பேசக்கூட விரும்பாத கூட்டத்துக்காரன். அவன் இறங்கிவந்து, காயத்துக்கு எண்ணெய் வார்த்துக் கட்டுப் போட்டு, தன் கழுதைமேல் ஏற்றி, சத்திரத்தில் சேர்க்கிறான். இந்த மூவரில் அடிபட்டவனுக்கு அயலான் யார் என்ற கேள்வியோடு கதை முடிகிறது.

கேட்டவர்கள் எல்லோரும் தங்களைச் சமாரியனாக நினைத்துக்கொண்டு திருப்தியாக எழுந்து போவார்கள். எனக்கு அந்த வசதி கிடையாது. எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் திருப்பதியிலும் திருமலையிலும் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். பாசுரம் சேவிக்கிறவர்கள், மடைப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர்கள், தீர்த்தம் சுமக்கிறவர்கள். அதாவது கதையில் வரும் முதல் ஆள் எங்கள் பெரியப்பா வீடு. இரண்டாவது ஆள் எங்கள் வீடு.

நான் கோயில் பக்கம் போகாமல் சித்தூரில் ஒரு மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாராகப் போனேன். திருப்பதியிலிருந்து பாகாலா வழியாகப் பாசஞ்சர் ரயிலில் போய்வந்தே தலை நரைத்தது. அங்கே ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா இந்தக் கதையைத்தான் நாடகமாகப் போடுவார்கள். கள்ளன் வேஷத்துக்குப் பையன்களுக்குள் அடிதடி நடக்கும். சமாரியன் வேஷத்தை யாராவது ஒரு சாதுவின் தலையில் கட்டவேண்டியிருக்கும். ஆசாரியன் எப்படி நடப்பான், அங்கவஸ்திரத்தை எப்படிப் போடுவான் என்று சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். மேடையில் பையன் ஓரமாக ஒதுங்கி, வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது கைதட்டல் கூரையைத் தொடும். சக ஆசிரியர்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அந்த நடை எங்கள் பெரியப்பாவுடையது.

ஒரு வருஷம் கதையை இந்தக் காலத்துக்கு மாற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நம் ஊரில் சமாரியன் யார் என்று யோசித்தேன். யூதருக்கும் சமாரியருக்கும் என்ன சண்டை என்று படித்துப் பார்த்தால், தெய்வம் ஒன்றுதான், எந்த மலையில் கும்பிடுவது என்பதில்தான் வழக்கு. அடடா, இது நம் வீட்டு விவகாரமாக இருக்கிறதே என்று குதித்து எழுந்து, அடிபட்டவன் நெற்றியில் வடகலை நாமத்தையும் காப்பாற்றுகிறவன் நெற்றியில் தென்கலை நாமத்தையும் போட்டு எழுதிக் கொடுத்தேன். இலக்கிய ரீதியாக அதைவிடக் கச்சிதமான தழுவல் இருக்க முடியாது என்று இன்றும் நினைக்கிறேன். பாதிரியார் இரண்டு முறை படித்துவிட்டு, "சார், இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்களே" என்றார். பழைய நாடகத்தையே போட்டார்கள்.

இவ்வளவு முன்னுரை எதற்கு என்றால், அந்தக் கதைக்குள் நானே போய் விழுந்த நாளைச் சொல்வதற்கு. அதற்கு எங்கள் குடும்பத்துத் தொலைபேசி வழக்கத்தை முதலில் விளக்க வேண்டும்.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் எங்களுக்குத் தீட்டு. தீட்டுக் காலம் முடிகிறவரை கோயிலில் காலெடுத்து வைக்க முடியாது. ஆனால் சாஸ்திரம் கருணை உள்ளது. செய்தி காதில் விழுந்தால்தான் தீட்டு. விழாதவரை இல்லை. பிந்திக் கேட்டால் தீட்டும் குறையும், ரொம்பப் பிந்தினால் ஒரு முழுக்கோடு போயிற்று. தபால் காலத்தில் இது தானாகவே நடந்தது. செல்போன் வந்ததும் எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிரம்மோற்சவம் தொடங்கி, கைங்கரிய முறை வந்துவிட்டால், பங்காளிகளிடமிருந்து வரும் எந்த அழைப்பையும் எடுப்பதில்லை. வருஷம் முழுக்கக் காத்திருந்த முறை, ஒரு "ஹலோ"வில் போய்விடக்கூடாது அல்லவா. வாட்ஸப் வந்தபோது குடும்பத்தில் பெரிய விசாரமே நடந்தது. ஒற்றை டிக் என்றால் தீட்டு இல்லை என்பதில் எல்லோருக்கும் ஒருமித்த கருத்து. இரட்டை டிக்கில் கருத்து வேறுபாடு உண்டு. நீலமானால் ஸ்நானம்.

இந்த ஏற்பாட்டில் எங்கள் அப்பாவுக்கு ஒரு தனி இடம் இருந்தது. தொண்ணூறைத் தாண்டியவர். மடைப்பள்ளியில் தளிகை பண்ணி ஓய்வு பெற்றவர். படுத்த படுக்கை, சர்க்கரை வியாதி. உற்சவத்துக்கு முன்னால் பங்காளிகள் ஒவ்வொருவராக எனக்குப் போன் செய்து அவருடைய உடல்நிலையை விசாரிப்பார்கள். வெளியாட்கள் கேட்டால் கண்ணில் நீர் வரும், அப்படி ஒரு பாசம். "மூச்சு சீரா இருக்கா? சாப்பிடறாரா? உற்சவம் முடியற வரைக்கும் தாங்குவாரோல்லியோ?" கொடி ஏறியதும் எல்லாப் போன்களும் மௌனமாகிவிடும். அப்பாவுக்கும் இது தெரியும். அவரும் தன் காலத்தில் அப்படித்தான் இருந்தார்.

கருட சேவை நாள். ஊரே மலைமேல். என் மனைவி மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில். அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க வருகிற ஆள் உற்சவத்துக்கு லீவு. காலையில் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டு, தளிகைக்குத் தண்ணீர் பிடிக்கப் பின்கட்டுக்குப் போனேன். மடியாகச் செய்தால்தான் சாப்பிடுவார். அதனால் குழாயடியில் தலையோடு குளித்து, ஈர வேட்டியோடு குடத்தைத் தூக்கினேன். புரட்டாசி மழையில் சிமென்ட் தரை முழுக்கப் பாசி. குடம் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். எழ முயன்றபோது வலது பாதம் நான் பார்க்கிற திசையைப் பார்க்கவில்லை.

துவைக்கிற கல்மேல் வைத்திருந்த போனை எப்படியோ இழுத்துக்கொண்டேன். ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். ஒரு பெண் தெலுங்கில் மிகப் பணிவாக, "ரோட்லு அன்னீ குளோஸ் சார், டைம் படுதுந்தி" என்றாள். சாலையெல்லாம் அடைத்திருக்கிறதாம், நேரமாகுமாம். என் கால்கூட இரண்டாம் பட்சம். உள்ளே அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறார். இந்த மாத்திரைக்குப் பிறகு சாப்பாடு போகாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். இறங்கினால் அந்த வயதில் திரும்ப ஏறுமா என்பது நிச்சயமில்லை என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். யாராவது ஒருவர் வந்து அவருக்கு ஒரு கவளம் போட்டாக வேண்டும்.

பெரியப்பா பிள்ளையைக் கூப்பிட்டேன். என்னைவிட மூத்தவர், அப்போது கீழ்த் திருப்பதியில்தான் இருந்தார். மணி அடித்து ஓய்ந்தது. சித்தப்பா பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டேன். அடித்து ஓய்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருட சேவையன்று, காலை வேளையில், அப்பாவோடு இருக்கிற நான் போன் செய்கிறேன் என்றால் அவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். மறுபடி கூப்பிட்டேன். ஒரு முறை கூப்பிட்டால் சந்தேகம். திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் ஊர்ஜிதம். நான் எவ்வளவு பாடுபட்டு முயன்றேனோ அவ்வளவு உறுதியாக என் அப்பாவைக் கொன்றுகொண்டிருந்தேன். "அப்பா சௌக்கியம்" என்று செய்தி அனுப்பினேன். இரட்டை டிக் விழுந்தது. நீலமாகவில்லை. பெரியப்பா பிள்ளையின் போன் அதற்குப் பிறகு அணைந்தே போயிற்று.

கதையில் ஆசாரியன் தெருவின் மறுபக்கமாக ஒதுங்கிப் போனான். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

எங்கள் பின்கட்டுக் கதவு ஒரு சந்தில் திறக்கும். அந்தச் சந்தில் ஓட்டு வீடு ஒன்றில் சில திருநங்கைகள் குடியிருந்தார்கள். திருத்தணி, அரக்கோணம் பக்கத்துத் தமிழர்கள். காட்பாடி பாசஞ்சரில் கைதட்டிக் காசு கேட்கிறவர்கள். தெருவில் யாரும் அவர்களோடு சண்டை போட்டதில்லை. அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதையே யாரும் ஒப்புக்கொண்டதில்லை, அவ்வளவுதான். நான் அவர்களைப் பற்றி மிகுந்த அனுதாபத்தோடு ஒரு வாரப் பத்திரிகையில் கட்டுரை எழுதியிருக்கிறேன். அவர்களிடம் பேசியதில்லை.

குடம் உருண்ட சத்தம் கேட்டோ என் முனகல் கேட்டோ கதவு திறந்தது. நாற்பது வயது சொல்லலாம், மஞ்சள் பூசிய முகம், கையில் பிளாஸ்டிக் பக்கெட். பின்னால் இளையவள் ஒருத்தி.

"இன்னா ஐயரே, இப்டி வுயுந்துகினு கெடக்கற?"

நாங்கள் ஐயர் இல்லை, ஐயங்கார். வேறு சமயமாக இருந்தால் திருத்தியிருப்பேன்.

"கால் போயிடுத்தும்மா" என்றேன்.

அந்த அம்மாள் குனிந்து பாதத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "ஏய், இது அந்த பொஸ்தகத்து ஐயருடி" என்று இளையவளிடம் சொன்னார். "பாகாலா தாண்டி நாம ஏறுனா டக்குனு பொஸ்தகத்த தொறந்துக்குவாரே, அவரு."

"தலகீயா புட்சிகினு படிப்பாரே, அவரா?" என்றாள் இளையவள்.

ஒரு தடவைதான் தலைகீழாகப் பிடித்திருந்தேன். அதை விளக்கவும் அது நேரமில்லை. நான் மடியாக வேறு இருந்தேன். ஈர வேட்டி, இன்னும் யாரும் தொடாத உடம்பு. ஆசாரப்படி பார்த்தால் அந்த நிமிஷத்தில் திருப்பதியிலேயே என்னைவிடச் சுத்தமான ஆள் இருந்திருக்க முடியாது. பாசியில்தான் கிடந்தேன். அவர்கள் இருவரும் அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். சந்தில் ஆட்டோ நுழையாது, முன்வாசலுக்குத்தான் போகவேண்டும். முன்வாசலுக்குப் போக அப்பாவின் கட்டிலைத் தாண்ட வேண்டும்.

"யாருடா இவா?" என்றார் அப்பா.

"பின்சந்துல இருக்கறவா. எனக்குக் கால் ஒடிஞ்சுடுத்துப்பா. ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அப்பா என் காலைப் பார்த்தார். "அப்ப தளிகை?" என்றார்.

அந்த அம்மாள் நாற்காலியைக் கீழே வைத்தார். "நைனா மாத்திர போட்டுச்சா?"

"போட்டாச்சு."

"துன்னுச்சா?"

"இல்ல."

"எங்க நைனாவுக்கும் சக்கரதான். மாத்திர போட்டுட்டு துன்னாம வுட்டா ஆபத்தாச்சே ஐயரே." இளையவள் பக்கம் திரும்பினார். "நீ இவர இட்டுகினு போ. நா இங்க கீறேன்."

அப்பா தெளிவாகச் சொன்னார். "இவா கையால நான் சாப்பிடமாட்டேன்."

"நா குடுக்கறன்னு எப்ப சொன்னேன்?" என்று அந்த அம்மாள் நிலைப்படிக்கு வெளியே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நா உன்ன பாத்துகினு உக்காந்திருக்கறன். பாக்கறதுக்கு ஒன்னும் தப்பில்லியே."

ஆட்டோவில் போகும்போது வலியையும் மீறி ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. பள்ளியில் அத்தனை வருஷம் நாடகம் போட்டும் தோன்றாதது. அடிபட்டவனை அரை உயிராகப் போட்டது கதை சொன்னவரின் சாமர்த்தியம். அவனுக்கு முழுப் பிரக்ஞை இருந்திருந்தால் முதலில் சமாரியனிடம், நீ யார், எந்த ஊர், உன் தோல்பையில் இருப்பது எங்கள் எண்ணெயா உங்கள் எண்ணெயா என்று கேட்டிருப்பான். பதில் பிடிக்காவிட்டால் பேசாமல் கிடந்து செத்திருப்பான். கதை அதோடு முடிந்திருக்கும். எங்கள் அப்பாவுக்குப் பூரண பிரக்ஞை இருந்தது. அதுதான் என் பயம்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். பிரசாதம். பெருமாள் அமுது செய்த பிரசாதத்துக்கு யார் கை என்கிற கேள்வியே கிடையாது. யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், மறுப்பதுதான் அபசாரம். இதை அப்பாவே எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இளையவளைக் கூப்பிட்டு, ஊர்க்கோயிலில் பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டில் கொடுக்கச் சொன்னேன். சாஸ்திரத்தில் அடிபட்டதைச் சாஸ்திரத்தாலேயே கட்டிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமிதம். எக்ஸ்ரே எடுக்கிற பையனிடம்கூடச் சொன்னேன். அவன் அசையாமல் இருக்கச் சொன்னான்.

என் சாஸ்திர ஞானத்தில் பிழை இல்லை. ஆனால் அது வரிசையில் நின்றது. அங்கேயும் கருட சேவைக்கு வந்த வெளியூர்க் கூட்டம். ஆண்கள் வரிசை ஒன்று, பெண்கள் வரிசை ஒன்று. இளையவள் பெண்கள் வரிசையில் நின்றால் அங்கிருந்த பெண்கள் அந்தப் பக்கம் போ என்றார்களாம். ஆண்கள் வரிசையில் நின்றால் அங்கிருந்த ஆண்கள் இந்தப் பக்கம் போ என்றார்களாம். இரண்டு பக்கமும் நெற்றி நிறைய நாமம், வாய் நிறைய கோவிந்தா. தெலுங்கிலும் தமிழிலும் சண்டை போட்டுக்கொண்டு அவள் நடுவில் நின்ற நேரத்தில் என் போன் அடித்தது. அப்பாவின் எண். பேசியது அந்த அம்மாள்.

"ஐயரே, நைனாவுக்கு குப்புனு வேர்க்குது. கை ஒதறுது. கூப்ட்டா பேச்சு கொளறுது. சக்கர எங்க வெச்சிருக்கற?"

எங்கள் சமையலறைக்குள் என் மச்சினியே குளிக்காமல் போனதில்லை.

"உள்ள, அலமாரில, ரெண்டாவது தட்டு. எவர்சில்வர் டப்பா."

"உப்பு இல்லியே அது?"

"சர்க்கரைதான்."

"இருக்கட்டும், நக்கிப் பாத்துட்டே குடுக்கறன்."

போன் அணையவில்லை. வேகமான காலடி, டப்பா மூடி விழுகிற சத்தம், டம்ளரில் ஸ்பூன் சுழல்கிற சத்தம் எல்லாம் கேட்டது. "வாயத் தொற நைனா. தொற. அப்டித்தான். முயுங்கு." பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஒன்றுமே கேட்காத நேரத்தில் அப்பாவின் ஆசாரம், என் மடி, வடகலை தென்கலை எதுவும் என் நினைவில் இல்லை. முழுங்கும் சத்தம் கேட்குமா என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தேன். நர்ஸ் பிடுங்கப் பார்த்தாள். கொடுக்கவில்லை.

பிறகு அப்பாவின் குரல், மெலிதாக. "உள்ள போனியா?"

"போனன். சக்கர அங்கதான கீது."

"அடுப்பத் தொட்டியா?"

"தொடல நைனா. சத்தியமா."

சர்க்கரைத் தண்ணீர் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும், அதன் மேல் சாப்பாடு விழுந்தாக வேண்டும்.

"அப்ப தொடு" என்றார் அப்பா. "உள்ள வந்தாச்சு. இனிமே நெலைப்படில உக்காந்துண்டு என்ன ஆகணும்? பசிக்கறது."

என்ன சமைத்தது என்பதில் இரு தரப்புக்கும் இன்றுவரை கருத்து வேற்றுமை உண்டு. அந்த அம்மாள் அதை மிளகு ரசம் என்கிறார். அப்பா அதை ஒரு திரவம் என்கிறார். வெங்காயம் எங்கே என்று தேடியதும், "இந்த ஆத்துல அது கெடையாது" என்று அப்பா சொன்னதும், "அப்ப எதத்தான் துன்றீங்க?" என்று கேட்டதும் இரு தரப்பும் ஒப்புக்கொள்கிற விஷயங்கள். குழையக் குழையப் பிசைந்து கையால் ஊட்டினார் என்பதையும் இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. இளையவள் எப்படியோ தொன்னை நிறையத் தயிர்சாதப் பிரசாதத்தோடு வெற்றி வீராங்கனையாக வந்தபோது அப்பா தூங்கிவிட்டிருந்தார். அதை அவர்கள் இருவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்களாம்.

இங்கே கதையை முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அன்று அப்பாவுக்கு உயிர்ப் பயம், பசி. அரை உயிராகக் கிடந்தவன் கணக்குத்தான். கட்டோடு வீட்டுக்கு வந்த நான் இரண்டு மாதத்துக்குத் தரையில் காலை ஊன்றக்கூடாது. மறுநாளும் மாத்திரை உண்டு, மறுநாளும் சாப்பாடு வேண்டும். காலை ரயிலுக்குப் போவதற்கு முன்னால் அந்த அம்மாள் வந்து சமைத்து, ஊட்டிவிட்டுப் போனார். நன்றி சொன்னேன். "நீ சும்மா இரு ஐயரே. பொஸ்தகம் படி" என்றார். அப்பா சாப்பிட்டார், உப்பு குறை சொன்னார். "சக்கர மாறியே உப்பும் உனுக்கு ஆவாது நைனா" என்று பதில் வந்தது. என் சமையலை அப்பா இத்தனை மாதங்களாகக் குறை சொன்னதே இல்லை. அது பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். நம்பிக்கையிழப்பு என்று அப்போதுதான் புரிந்தது.

உற்சவம் முடிந்து கொடி இறங்கிய மறுநாள் பெரியப்பா பிள்ளை வந்தார். தோளில் துண்டு, கையில் மாற்று வேட்டி, செய்தி கேட்டதும் முழுக்குப் போடத் தயாராக. முகத்தைப் பத்து நாள் துக்கத்துக்குப் பொருத்தமாக வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். குளிக்கக் கொல்லைப்புறம் போகிற வழியை மட்டும் பார்த்தார், வீட்டுக்குள் பார்க்கவில்லை.

"எப்படா ஆச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"கருட சேவையன்னிக்குக் கார்த்தால."

"கஷ்டப்பட்டாரா?"

"யாருடா அங்க?" என்று உள்ளேயிருந்து அப்பா கத்தினார்.

அண்ணாவின் கையிலிருந்த மாற்று வேட்டி கீழே விழுந்தது. நான் அவரைச் சிறுவயதிலிருந்து அறிவேன். சந்தோஷம், அதிர்ச்சி, கடைசியாகக் கோபம் என்று வரிசையாக அவர் முகத்தில் வந்துபோனதைப் பார்த்தேன்.

"பின்ன எதுக்குடா அத்தனை தடவை போன் பண்ணினே?"

"கால் ஒடிஞ்சுது."

"காலா?" என்றார். என் கட்டைப் பார்த்தார். ஏமாற்றிவிட்டேன் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். அங்கே அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்து, அந்த அம்மாள் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அண்ணா நின்ற இடத்திலேயே நின்றார்.

"சித்தப்பா, இது யாரு?"

"கண்ணு தெரியலியா உனக்கு?" என்றார் அப்பா.

அண்ணா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே பேசினார். ஊர் என்ன சொல்லும், இந்த வீட்டுக் கைங்கரியம் என்ன ஆகும், நீ படித்த பள்ளிக்கூடம் அப்படி. நான் படித்தது வேறு பள்ளி, அங்கே பாடம்தான் எடுத்தேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள், கவலைப்படாதே, நாளையிலிருந்து எங்கள் வீட்டிலிருந்து மடியாகத் தளிகை பண்ணி இரண்டு வேளையும் டப்பாவில் வந்துவிடும், இவாளைப் போகச் சொல்லு என்றார். இன்றைக்கே ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். ஸ்கூட்டரில் இருந்தது.

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். தட்டைக் கீழே வைக்காமல், போகவும் செய்யாமல், அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "சொல்லு நைனா. வரவா வேணாவா? மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. எனக்கு ரயிலுக்கு டைமாவுது."

இப்போது அப்பாவுக்குச் சர்க்கரை சரியாக இருந்தது. அறிவும் தெளிவு. பங்காளி வீட்டுத் தளிகை வாசலில் தயார். என் நாடகத்தில் எந்த வருஷமும் எழுதப்படாத காட்சி இது. அடிபட்டவன் எழுந்து உட்கார்ந்து, இரு பக்கத்தையும் பார்த்து, தானே தீர்மானிக்கிற காட்சி. பரிந்து பேச எனக்கு ஒரு முழுப் பிரசங்கமே தயாராக இருந்தது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கினேன்.

"ஏண்டா" என்று அப்பா அண்ணாவைக் கேட்டார், "ராத்திரி எனக்கு மறுபடி வேர்த்துதுன்னா?"

"ஒரு போன் பண்ணுங்கோ சித்தப்பா, ஓடி வந்துடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவர் காதிலேயே அது விழுந்துவிட்டது என்று தெரிந்தது. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. அந்த வேளையில் அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் போனை எடுத்திருப்பேன் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

அப்பா வாயைத் திறந்து காத்திருந்தார். அந்த அம்மாளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு உட்கார்ந்து அடுத்த கவளத்தை வைத்தார். அப்பா மென்று முழுங்கிவிட்டு, "நாளைக்குப் புளியைக் கரைக்கச்சே கொஞ்சம் வெந்நீர் விடு, இப்படி பச்சைத் தண்ணில கரைக்காதே" என்றார்.

"நாளைக்கு பருப்பு. புளி உனுக்கு ஒத்துக்காது."

"யாரு சொன்னா?"

"நா சொல்றன்."

அண்ணா போகும்போது டப்பாவைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். "இருக்கட்டும்டா. பண்ணினது பண்ணியாச்சு" என்றார். அதற்குப் பிறகும் வாரம் ஒரு முறை வருகிறார். வாசலில் நிற்பதில்லை, உள்ளே வந்து உட்காருகிறார். அந்த அம்மாளிடம் நேராகப் பேசுவதில்லை. "ரயில் இன்னிக்கு லேட்டோ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார். சுவரும், "பாகாலால நிறுத்திப் போட்டுட்டான் சாமி" என்று பதில் சொல்கிறது. இதைப் பெரிய மாற்றம் என்று நான் எங்கும் எழுதமாட்டேன். ஆனால் எங்கள் பெரியப்பாவின் நடையை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது ஒரு அடி.

அன்றைக்கு அவர் வைத்துவிட்டுப் போன டப்பாவை நான் திறந்தேன். புளியோதரை, தயிர்சாதம், அப்பளம்கூட இருந்தது. முறைப்படி மடியாகச் செய்த தளிகை, வீணாக்கக்கூடாது. காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.